பழைய மாஸி பெர்குசன் டிராக்டரில் ஹைட்ராலிக் எண்ணெயைப் பார்ப்பதும் ஊற்றுவதும்

பழைய மாஸி பெர்குசன் 35 ஒன்றையோ, அதன் வழிவந்த 1035 ஒன்றையோ முதன்முறையாக வாங்கி வீட்டுக்கு ஓட்டிவந்தவர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதுதான். மண் அள்ளும் பெரிய இயந்திரங்களைப் பார்த்துப் பழகிய கண், பக்கவாட்டில் தனியாக ஒரு தொட்டியையும் எண்ணெய் மட்டம் தெரியும் கண்ணாடியையும் தேடும். இந்த டிராக்டரில் அப்படி எதுவும் கிடையாது. இருக்கைக்கு அடியில், கியர் பெட்டி தொடங்கிப் பின் அச்சு வரை நீண்டிருக்கும் வார்ப்பிரும்பு உடல்தான் தொட்டி. கியர்களை நனைப்பதும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலின் கிரவுன் சக்கரம் என்ற பெரிய பல்சக்கரத்தை நனைப்பதும், பின்னால் மாட்டிய கலப்பையைத் தூக்குவதும் ஒரே எண்ணெய். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், எப்போது அளப்பது, எதை ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது, ஊற்றியும் கருவியை உயர்த்தும் லிஃப்ட் தூக்கவில்லை என்றால் எங்கே பார்ப்பது என்பன போன்ற கேள்விகளில் பாதிக்குத் தாமாகவே விடை கிடைத்துவிடும்.

இந்த அமைப்பு ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரரின் சிந்தனையில் பிறந்தது. அந்தக் காலத்து டிராக்டர்கள் மாடு ஏரை இழுப்பது போலக் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்தன. கலப்பை ஒரு கல்லிலோ வேரிலோ சிக்கினால் வண்டியின் முன்பக்கம் மேலெழும்பிப் பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுபவரைக் கொல்லும் அபாயம் இருந்தது. கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று இணைப்புகளால் கலப்பையை வண்டியோடு பிணைத்து, அதை ஹைட்ராலிக் விசையால் தூக்கவும் அதன் ஆழத்தைக் கட்டுப்படுத்தவும் பெர்குசன் வழி கண்டார். 1939-இல் ஃபோர்டுடன் சேர்ந்து அமெரிக்காவில் வெளிவந்த 9என், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் உருவான சாம்பல் நிற டிஇ20, அதன் பிறகு வந்த 35 ஆகிய மூன்றும் இந்த வழியில் வந்தவை. பெர்குசன் நிறுவனம் 1953-இல் மாஸி ஹாரிஸுடன் இணைந்த பிறகு, மாஸி பெர்குசன் என்ற பெயர் 1958-இல் நிலைபெற்றது. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் டிராக்டர்களை இங்கே உருவாக்கியதால், தமிழ்நாட்டு வயல்களில் இன்றும் உழுதுகொண்டிருக்கும் பழைய வண்டிகளில் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பது இந்த ஹைட்ராலிக் அமைப்பின் வழித்தோன்றல்தான்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் அதன் எல்லாப் பக்கங்களுக்கும் குறையாமல் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் விளக்கிய விதி. ஹைட்ராலிக் என்பதன் சாரம் அவ்வளவுதான். டிராக்டரின் பம்புக்குள் இருக்கும் சிறிய பிஸ்டன்கள் எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தள்ளுகின்றன. அந்த எண்ணெய் லிஃப்டுக்குள் இருக்கும் பெரிய பிஸ்டனை அழுத்துகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ அழுத்தம் என்றும், பெரிய பிஸ்டனின் விட்டம் 7.5 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அதன் பரப்பு ஏறக்குறைய 44 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் விழும் விசை ஆறு டன்னைச் சற்றே தாண்டும். அந்த விசை நெம்புகோல் கணக்கில் குறைந்து குறைந்து, கலப்பை தொங்கும் கைகளின் நுனிக்கு வரும்போது ஒரு டன்னை ஒட்டிய எடையைத் தூக்கும் அளவில் நிற்கும். ஒன்பது கொத்துக் கலப்பையை ஒரு விரலால் நெம்பைத் தள்ளித் தூக்க முடிவது இதனால்தான்.

இந்த வேலைக்கு எண்ணெய் பொருந்துவதற்குக் காரணம், அது எளிதில் அமுங்காது என்பது. காற்று அமுங்கும். எண்ணெயோடு காற்றுக்குமிழிகள் கலந்துவிட்டால், பம்பு தள்ளும் தள்ளில் ஒரு பங்கு குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும். கைகள் சீராக எழாமல் துள்ளித் துள்ளி எழும், அல்லது பாதியில் நின்று நடுங்கும். எண்ணெய் மட்டம் குறைந்த வண்டியில் முதலில் தெரியும் அறிகுறி இதுவே. பெர்குசன் அமைப்பில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல ஹைட்ராலிக் அமைப்புகளில் பம்பு எப்போதும் எண்ணெயைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கும்; வால்வு வெளியேறும் பக்கத்தில் இருந்து, தேவையானபோது அதைத் திருப்பிவிடும். பெர்குசனோ வால்வைப் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் வைத்தார். நெம்பை உயர்த்தும்போதுதான் பம்புக்கு எண்ணெய் கிடைக்கும். மற்ற நேரங்களில் பிஸ்டன்கள் அசைந்தாலும் எதையும் உறிஞ்சுவதில்லை. இதனால் எண்ணெய் வீணாகச் சூடேறாது, இயந்திரத்தின் ஆற்றலும் வீணாகாது. ஆனால் உறிஞ்சும் பக்கத்தில் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தால், அந்த இடத்தைக் காற்று உடனே பிடித்துக்கொள்ளும். பம்பு எண்ணெயில் மூழ்கியபடி உடலின் அடிப்பகுதியில் இருப்பது இந்தக் காரணத்துக்காகவே.

மட்டத்தை எப்போது, எப்படி அளப்பது

எண்ணெய் எல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குச்சியை உருவிப் பார்ப்பதில் பயனில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கிரவுன் சக்கரம் எண்ணெயை வாரி மேலே எறிந்துகொண்டிருக்கும். லிஃப்ட் உயர்ந்திருந்தால் அதன் உருளைக்குள் கொஞ்சம் எண்ணெய் சிறைப்பட்டிருக்கும். வண்டி சரிவில் நின்றால் எண்ணெய் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். எனவே சமதளமான களத்திலோ சிமென்ட் தரையிலோ வண்டியை நிறுத்தி, மாட்டியிருக்கும் கருவியைத் தரையில் முழுவதுமாக இறக்கி, இயந்திரத்தை அணைத்து, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்பும் முன் அளப்பதே எல்லாவற்றிலும் நல்லது. ஆனால் முந்தைய மாலை கலப்பையை உயர்த்தியபடியே நிறுத்திவிட்டுப் போயிருந்தால் அந்தக் கணக்கும் சரிவராது. அப்படி நிறுத்துவது பழக்கமாகவே நல்லதன்று என்பது வேறு விஷயம்.

இறக்கி வைப்பதற்கு அளவைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. உயர்த்திய கருவியைத் தாங்கி நிற்பது அடைபட்ட எண்ணெய் மட்டுமே. ஒரு வளையமோ வால்வோ விட்டுக்கொடுத்தால் கருவி சொல்லாமல் இறங்கும். நெம்பை ஒரு சிறுவன் தொட்டாலும் போதும். உயர்த்திய ரோட்டவேட்டருக்கு அடியில் குனிந்து எண்ணெய்க் கசிவைத் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது எவ்வளவு அவசரமான வேலையாக இருந்தாலும் செய்யத் தக்கதன்று. கட்டாயம் அடியில் பார்க்க வேண்டுமென்றால், உறுதியான மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்துக் கருவியின் எடையை அவற்றின்மேல் இறக்கிய பிறகே பார்க்க வேண்டும்.

35 வகை வண்டியில் அளவுக்குச்சி, ஓட்டுபவரின் வலக்கால் பக்கமாக, நடு உடலின் வலப்புறப் பக்கமூடியில் இருக்கும். சேற்றுழவு முடித்து வந்த வண்டியில் இந்த இடம் முழுவதும் காய்ந்த சேறு அப்பியிருக்கும். குச்சியை உருவுவதற்கு முன் அந்த இடத்தைத் தூரிகையால் தட்டி, துணியால் துடைப்பது முக்கியம். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல், மிக நெருக்கமான இடைவெளியில் ஓடும் பம்பு பிஸ்டன்களைத் தேய்த்துவிடும். குச்சியைத் துடைக்கப் பட்டறைகளில் கிடக்கும் நூல் கழிவைப் பயன்படுத்துவது எளிதுதான் என்றாலும், அதன் இழைகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். இழை உதிராத பழைய பருத்தி வேட்டித் துண்டே மேல். துடைத்த குச்சியை மீண்டும் அடிவரை செருகி, எடுத்து, கிடையாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில் இருந்தால் சரி. மேல்கோட்டை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. பழைய வண்டிகளில் குச்சி மாறிப்போயிருப்பதும், உடைந்த குச்சிக்குப் பதிலாக ஒரு கம்பியை வெட்டிச் செருகியிருப்பதும் உண்டு. அந்தக் கம்பியில் இருக்கும் கோட்டை நம்பக் கூடாது. அப்படிப்பட்ட வண்டியை வாங்கினால், எண்ணெயை ஒருமுறை முழுவதுமாக வடித்து, கையேட்டில் சொன்ன அளவை அளந்து ஊற்றி, எண்ணெய் நிற்கும் இடத்தில் அரத்தால் ஒரு புதுக்கோடு போட்டுக்கொள்வது நல்ல வழி.

டிரெய்லரின் கணக்கு

தொடக்கக்காரர்கள் மட்டுமல்ல, நெடுநாள் ஓட்டியவர்களும் தவறும் இடம் ஒன்று உண்டு. தானாகக் கவிழ்த்துக் கொட்டும் டிரெய்லருக்கு லிஃப்ட் எண்ணெயையே குழாய் வழியாக எடுத்துக் கொடுப்பது வழக்கம். அந்த உருளை நீளும்போது அதற்குள் போகும் எண்ணெய் எல்லாம் டிராக்டரின் வயிற்றிலிருந்து போகிறது. உருளையின் உள்விட்டம் 8 சென்டிமீட்டர், நீளும் தூரம் ஒரு மீட்டர் என்றால், அதை நிரப்ப ஏறக்குறைய 5 லிட்டர் தேவை. 35 வகை வண்டியின் மொத்தக் கொள்ளளவே 30 லிட்டரை ஒட்டியதுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஆறில் ஒரு பங்கு திடீரென்று வெளியே போய்விடுகிறது. மட்டம் ஏற்கெனவே கீழ்கோட்டில் இருந்த வண்டியில், பெட்டி பாதி உயர்ந்த நிலையில் பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். அப்போது பெட்டி அந்தரத்தில் நின்று நடுங்கும். ஓட்டுபவரோ பம்பு போய்விட்டது என்று பட்டறைக்கு ஆள் அனுப்புவார்.

இந்தச் சமயத்தில் நடக்கும் இரண்டாவது தவறு முதல் தவறைவிடக் கெட்டது. பெட்டி உயர்ந்து நிற்கும்போதே குச்சியை எடுத்துப் பார்த்து, மட்டம் குறைந்திருக்கிறதே என்று மேல்கோடு வரை எண்ணெய் ஊற்றிவிடுவார்கள். பெட்டி இறங்கும்போது உருளைக்குள் இருந்த 5 லிட்டரும் திரும்பி வந்து உடலை அளவுக்கு மேல் நிரப்பிவிடும். ஆகவே டிரெய்லர் மாட்டிய வண்டியில், பெட்டி முழுவதுமாக இறங்கி உருளை சுருங்கிய நிலையில்தான் அளக்க வேண்டும். புது உருளையை முதன்முறை மாட்டினால், ஒருமுறை நீட்டிச் சுருக்கி அதற்குள்ளும் குழாய்க்குள்ளும் எண்ணெய் நிறைந்த பிறகு மீண்டும் அளந்து, குறைந்ததை மட்டும் ஈடு செய்ய வேண்டும். ஒரு வண்டியில் பல டிரெய்லர்களை மாற்றி மாற்றி மாட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: அடுத்தவர் டிரெய்லரின் உருளையில் இருக்கும் பழைய அழுக்கு எண்ணெய், அதன் நீரோடும் துருவோடும் சேர்ந்து, உங்கள் வண்டியின் கியர் பெட்டிக்கு வந்துசேரும். வாடகைக்கு ஓடும் வண்டிகளின் எண்ணெய் சீக்கிரம் கறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அளவுக்கு மேல் நிரப்புவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கூடுதல் எண்ணெயைக் கியர்கள் கடைந்து நுரையாக்கும். நுரையில் இருப்பது காற்று என்பதால் லிஃப்ட் மறுபடியும் துள்ளும். அதைவிட முக்கியமாக, மட்டம் உயர்ந்தால் எண்ணெய் பின் அச்சின் வழியாகச் சக்கரங்களை நோக்கி நகர்ந்து, அங்குள்ள சீல் தேய்ந்திருந்தால் பிரேக் டிரம்முக்குள் இறங்கும். ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடிக்காத பழைய 35-களில் லைனிங்கைக் கழற்றிப் பார்த்தால் எண்ணெயில் ஊறிக் கிடப்பதைக் காணலாம். வரப்போரச் சரிவில் ஒருபக்கமாகச் சாய்த்து நெடுநேரம் நிறுத்தும் பழக்கமும் இதே கேட்டைச் செய்யும்.

எந்த எண்ணெய்

ஒரே எண்ணெய் இரண்டு வேலை செய்கிறது என்பதால், இரண்டுக்கும் பொருந்தும் எண்ணெயே தேவை. கடையில் ஹைட்ராலிக் ஆயில் என்று கேட்டால், 68 என்ற எண்ணுடன் தண்ணீர் போல ஓடும் மெல்லிய எண்ணெயைக் கொடுத்துவிடுவார்கள். அது தனித் தொட்டி உள்ள இயந்திரங்களுக்கு உரியது. பற்களுக்கு இடையே நசுங்கும் பெரும் அழுத்தத்தைத் தாங்கும் சேர்மானம் அதில் இல்லாததால், கியர்களும் கிரவுன் சக்கரமும் தேயும். மறுபக்கம், மிகத் தடித்த கியர் எண்ணெயை ஊற்றினால் பம்பு அதை உறிஞ்சத் திணறும், குறிப்பாக மார்கழிக் குளிரில் காலை நேரத்தில் லிஃப்ட் சோம்பலாக எழும். பெர்குசன் காலத்தில், தடிப்பைக் குறிக்கும் எஸ்ஏஇ 80, 90 என்ற அளவுள்ள எண்ணெய்களைப் பயன்படுத்தினார்கள். இப்போது கியர், ஹைட்ராலிக், எண்ணெயில் மூழ்கிய பிரேக் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக உருவான யுடிடிஓ என்ற வகை டிராக்டர் எண்ணெய் 20 லிட்டர் வாளிகளில் எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. பழைய வண்டிக்குக் கையேடு சொல்வதே முதல் விதி. கையேடு தொலைந்துபோனால் தயாரிப்பாளரின் விற்பனையாளரிடம் வண்டியின் மாதிரியைச் சொல்லிக் கேட்டு வாங்குவதே சரியான வழி.

எண்களைப் பற்றி ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. கியர் எண்ணெயின் 90 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, இன்ஜின் எண்ணெயின் 40-ஐவிட இருமடங்கு தடித்தது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். கியர் அளவுகோலின் 90, இன்ஜின் அளவுகோலின் 40-க்கும் 50-க்கும் ஏறத்தாழ நிகரான தடிப்பே. பட்டறையில் ஒருவர் 90 என்றும் மற்றவர் 40 என்றும் சொல்லிச் சண்டையிடும்போது, பல நேரங்களில் இருவரும் ஒரே தடிப்பைத்தான் சொல்கிறார்கள். ஆனால் தடிப்பு ஒன்றாக இருப்பதால் மட்டும் எண்ணெய் ஒன்றாகிவிடாது. கலந்திருக்கும் சேர்மானங்கள் வேறு. மிகக் கடுமையான அழுத்தத்துக்கான ஜிஎல்-5 வகை எண்ணெய்களின் கந்தகச் சேர்மானம் பழைய வண்டிகளின் பித்தளை, வெண்கலப் புஷ்களை அரிக்கக் கூடும் என்பதால், அந்த வகையைத் தவிர்ப்பது நல்லது. பிரேக் ஆயில் என்று குப்பியில் விற்கும் திரவத்தை ஒரு சொட்டுகூட இதில் ஊற்றக் கூடாது. அது எண்ணெயே அன்று. ரப்பர் சீல்களை ஊதவைத்துப் பாழாக்கிவிடும்.

ஊற்றும் முறை

கியர் நெம்புகளுக்குப் பின்னால், இருக்கைக்கு முன்னால் உடலின் மேற்பக்கத்தில் உள்ள மூடியைத் திறந்து ஊற்ற வேண்டும். திறப்பதற்கு முன் சுற்றுப்புறத்தைத் துடைக்க வேண்டும் என்பது அளவுக்குச்சிக்குச் சொன்ன அதே காரணத்தால். நுண்ணிய வலை பொருத்திய சுத்தமான புனலையே பயன்படுத்த வேண்டும். பூச்சிமருந்து கலந்த வாளியையோ, டீசல் அளந்த டப்பாவையோ கழுவி எடுத்துக்கொள்வது நம் வழக்கம் என்றாலும், அதில் ஒட்டியிருக்கும் நீர்த்துளிகள் நேராக எண்ணெயில் சேரும்.

அரை லிட்டர் ஊற்றிவிட்டுப் பொறுமையாக நிற்க வேண்டும். உடலுக்குள் கியர் பெட்டி, பம்பு இருக்கும் நடு அறை, பின் அச்சு அறை என்று பிரிவுகள் உண்டு. எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் துளைகளின் வழியாகவே பரவும். ஊற்றிய உடனே குச்சியைப் பார்த்து, இன்னும் ஏறவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றுகிறவர் பத்து நிமிடம் கழித்து மேல்கோட்டைத் தாண்டிய மட்டத்தைப் பார்ப்பார். மட்டம் சரியானதும் மூடியை இறுக்கி, இயந்திரத்தைக் கிளப்பி, எடையில்லாமல் லிஃப்டை நான்கைந்து முறை முழுவதும் உயர்த்தி இறக்க வேண்டும். உள்ளே சிக்கிய காற்று இதில் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். பிறகு இறக்கி, அணைத்து, காத்திருந்து மீண்டும் ஒருமுறை அளந்தால் வேலை முடிந்தது.

ஊற்றும் எண்ணெய் எங்கே போனது என்று கேட்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது பலரிடம் உள்ள பழக்கம். இந்த உடலுக்குள் எண்ணெய் எரிந்துபோவதில்லை. மட்டம் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்றே பொருள். பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பிடிஓ தண்டின் சீல், டிரெய்லர் குழாய் இணைப்புகள், சக்கரப் பக்கம், வடிமூடிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கிளட்ச் இருக்கும் உறையின் அடியில் பிளவு ஊசி தொங்கும் ஒரு சிறு துளை உண்டு. அது அடைபடாமல் இருக்கவே ஊசி. அந்தத் துளையில் எண்ணெய் சொட்டினால், முன்னால் இருக்கும் இன்ஜின் சீலோ பின்னால் இருக்கும் கியர் பெட்டிச் சீலோ போய்விட்டது. கந்தக நாற்றம் அடித்தால் கியர் பெட்டியை முதலில் சந்தேகிக்கலாம். அழுத்தத்தில் இருக்கும் குழாயில் ஒழுக்கைத் தேடும்போது விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரும். ஓர் அட்டைத்துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

பால் நிறம்

குச்சியில் எண்ணெய் மோர் கலந்தது போல வெளுத்திருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். வேலை முடித்த உடனே வெளுத்து, சில மணி நேரம் நின்ற பிறகு தெளிந்துவிட்டால் அது காற்று; மட்டத்தையும் உறிஞ்சும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மறுநாள் காலையிலும் வெளுப்பு மாறாமல் இருந்தால் அது நீர். ஐயமிருந்தால், ஒரு சொட்டை எடுத்துச் சூடான இரும்புத் தகட்டில் விட்டுப் பார்க்கலாம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போலச் சடசடத்தால் நீர் இருக்கிறது. நெருப்பின் அருகே எண்ணெய்க் குப்பியை வைத்துக்கொள்ளாமல் ஒற்றைச் சொட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பழைய 35-இல் நீர் புகும் முதன்மையான வழி கியர் நெம்பின் அடியில் இருக்கும் ரப்பர் உறை. வெயிலில் வெடித்த அந்த உறை வழியாக, கூரையில்லாமல் நிற்கும் வண்டிக்குள் ஐப்பசி மழை நெம்பைப் பிடித்துக்கொண்டே இறங்கும். சில நூறு ரூபாய் உறையை மாற்றாமல் விட்டு, வாளி வாளியாக எண்ணெயை மாற்றுகிறவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆழமான சேற்றில் உழும்போது தேய்ந்த சீல்கள் வழியாகவும் நீர் உள்ளே வரும். எண்ணெய் ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருந்தால் மகிழ வேண்டாம். உயர்ந்தது எண்ணெய் அன்று. எண்ணெயோடு கலக்காத நீர் என்றால், இரவு முழுவதும் அசையாமல் நின்ற வண்டியின் வடிமூடியைக் காலையில் மெல்லத் தளர்த்தினால் அடியில் தங்கிய நீர் முதலில் சொட்டும். எண்ணெய் வந்ததும் இறுக்கிவிடலாம். பாலாகக் கலந்துவிட்ட எண்ணெய் இப்படிப் பிரியாது. அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை, மாற்றிய பிறகும் உள்ளே ஒட்டியிருந்த நீரால் புது எண்ணெய் சற்று வெளுக்கக் கூடும். சில மணி நேரம் ஓட்டி இரண்டாம் முறை மாற்ற வேண்டிவந்தாலும் வியப்பதற்கில்லை.

எண்ணெயின் குற்றம் அல்லாதவை

மட்டம் சரியாக இருந்தும் லிஃப்ட் எழவில்லை என்றால் மேலும் எண்ணெய் ஊற்றுவது விடையாகாது. டிஇ20-இல் பம்பைச் சுழற்றுவது பிடிஓ தண்டுதான். பிடிஓ நெம்பைப் போடாமல் லிஃப்டை உயர்த்தப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. 35-இல் இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பம்பு ஓடும். முழுவதும் மிதித்தால் பம்பும் நின்றுவிடும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மிதித்தபடி தூக்க முடியாது. ஆழத்தைக் கட்டுப்படுத்தும் நெம்பையும் உயரத்தைக் கட்டுப்படுத்தும் நெம்பையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு தவிப்பதும் புதியவர்களிடம் உண்டு. இயந்திரத்தை அணைத்ததும் உயர்த்திய கலப்பை மெல்ல மெல்ல இறங்கினால், லிஃப்ட் பிஸ்டனின் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கிறது. அதைத் தடித்த எண்ணெய் ஊற்றிச் சரிசெய்யப் பார்ப்பவர் ஒரு பருவத்துக்குத் தள்ளிப்போடலாம். அதற்குள் உறிஞ்சத் திணறும் பம்பு கெட்டுவிடும்.

முழு எண்ணெயையும் மாற்றும் காலத்தைக் கையேடு மணிக்கணக்கில் சொல்லும். 1000 மணி நேரம் என்ற அளவு பல கையேடுகளில் காணப்படுவது. மணிகாட்டி ஓடாத வண்டிகளுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை, நடவு முடிந்து வண்டி ஓய்ந்த நேரத்தில் மாற்றுவது போதுமான பழக்கம். சற்று ஓட்டி எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அடியில் படிந்த கசடும் சேர்ந்து வரும். அறைகள் பிரிந்திருப்பதால் வடிமூடியும் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வடித்த எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் எடுத்து, அடியில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். மையைப் போன்ற சாம்பல் நிறப் பசை கியர்கள் இயல்பாகத் தேய்வதன் அடையாளம். நகத்துண்டு போன்ற செதில்கள் வந்தால், புது எண்ணெயை ஊற்றும் முன் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். பம்பின் வாயில் சல்லடை உள்ள வண்டியானால், வடித்திருக்கும் இந்த நேரத்திலேயே அதைக் கழுவிக்கொள்ளலாம்.

வடித்த 30 லிட்டரை வாய்க்காலில் கொட்டுவதும், கிணற்றோரம் குழி வெட்டி ஊற்றுவதும் இன்னும் நடக்கின்றன. அந்த எண்ணெய் மண்ணில் மறைந்துவிடுவதில்லை. இறங்கிக் கிணற்று நீருக்கே வரும். வாளியில் மூடி வைத்திருந்து, கழிவெண்ணெய் வாங்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். மாற்றிய மறுநாள் உழவு முடிந்ததும் வடிமூடிகளின் அடியைத் தடவிப் பார்த்து, அடுத்த காலையில் மட்டத்தை ஒருமுறை அளந்து, மாற்றிய தேதியையும் ஊற்றிய எண்ணெயின் வகையையும் மட்கார்டின் உட்பக்கம் வெள்ளைப் பெயின்டால் எழுதிவைத்துவிட்டால், அடுத்த முறை என்ன ஊற்றினோம் என்று வண்டியே சொல்லும்.